பெருங்காய டப்பாவில் மைதா: நம்மூர்ச் சமையலில் ஒளிந்திருக்கும் குளூட்டனை எங்கெங்கே தேடுவது?

கொடுமுடி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. வளர்த்தி நின்றுபோய், ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறவே ஏறாமல் அலைந்து, கடைசியில் சீலியாக் என்று உறுதியானது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய் இது. இந்த நோயைக் காட்டும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தது, இரண்டிலும் தெளிவாக வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குச் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எதுவும் கிடையாது.

ஆனால் மறுபரிசோதனையில் அந்த டிடிஜி அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. வயிற்று வலியும் விட்டு விட்டு வருகிறது. "கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது, சமையலறையைத் துருவிப் பாருங்கள்" என்றார் டாக்டர். நாங்கள் சாப்பிடுவதோ காலையில் இட்லி இல்லாவிட்டால் சந்தகை (அரிசி சேவை), மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், ராத்திரி தோசை அல்லது ராகிக்களி. இதில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. இதே பாதையில் நடந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். "கொஞ்சூண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். சொந்தக்காரர்களிடம் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பேரூர்க்காரன்:

அக்கா, முதலில் எழுந்துபோய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள்.

எனக்கும் சீலியாக்தான். கல்லூரியில் படிக்கும்போது தெரியவந்தது. நம் கடைகளில் கிடைக்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதை அப்படியே போட்டால் நாற்றம் தாங்காது, விலையும் அதிகம். அதனால் கோந்தும் மாவும் சேர்த்து மட்டுப்படுத்தி விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் மைதா. சிலவற்றில் அரிசி மாவு. ஒரே கம்பெனியின் கட்டியில் ஒன்றும் தூளில் வேறொன்றும் இருக்கலாம், அதனால் பெயரை நம்பி வாங்க முடியாது. ஒவ்வொரு முறையும் படித்துத்தான் வாங்க வேண்டும்.

"ஒரு சிட்டிகைதானே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழம்புக்கு அரை கிராம் பெருங்காயத்தூள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிகிராம் மைதா. மைதாவில் ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு குளூட்டன், ஆக 25 மில்லிகிராம். 5 பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 5. சாம்பாரில் போட்டீர்கள், ரசத்தில் போட்டீர்கள், மோரில் தாளித்தீர்கள் என்றால் ஒரு மதியச் சாப்பாட்டுக்கே 15 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. வாழை இலையில் கோதுமைப் பண்டம் ஒன்றுகூட இருக்காது.

கொடுமுடி_அம்மா:

படித்தேன். "சமையல் கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம்" என்று அச்சடித்திருக்கிறது. முதலில் கோந்து, அடுத்தது கோதுமை, கடைசியில்தான் பெருங்காயமே. தினமும் மூன்று வேளையும் கையிலெடுக்கும் டப்பா இது. உளுந்து வடைக்குப் போடுகிறேன், தோசைப் பொடிக்குப் போடுகிறேன்.

சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டையும் எடுத்துப் பார்த்தேன். அதில் வெறுமனே "கூட்டுப் பெருங்காயம்" என்று இருக்கிறது. அதற்குள் என்ன மாவு என்று போடவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பவானி_டயட்டீசியன்:

அந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருளில் சேரும் கூட்டுப்பொருள் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அதன் உட்பொருட்களை விரித்து எழுத வேண்டியதில்லை என்பது நம் நாட்டு லேபிள் விதி. சாம்பார்ப் பொடியில் பெருங்காயம் அந்த அளவுக்குள்தான் வரும். ஆனால் ஒவ்வாமை தரும் பொருட்களுக்குத் தனி வரி உண்டு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிப்படி கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால் உட்பொருள் பட்டியலோடு நிறுத்தாமல், அதன் கீழே "இதில் அடங்கியுள்ளவை", "இருக்கக்கூடும்" என்று வரும் சின்ன எழுத்து வரியைப் பாருங்கள். "கோதுமை இருக்கக்கூடும்" என்றாலும் குழந்தைக்கு வேண்டாம். அந்த வரியே இல்லாமல் கூட்டுப் பெருங்காயம் என்று மட்டும் இருந்தாலும் வேண்டாம். சாம்பார்ப் பொடி வறுத்து அரைப்பது நம் வீடுகளுக்குப் புதிதில்லையே.

"குளூட்டன் இல்லாதது" என்று போட்டு விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். உலக அளவிலும் அதே அளவுகோல்தான்.

எவ்வளவு தாங்கும் என்று கேட்பீர்கள். 2007-ல் இத்தாலி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சீலியாக் உள்ளவர்களுக்கு 90 நாள் தினமும் சிறு அளவு குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 50 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. பொதுவாக ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்வது. பேரூர்த் தம்பி போட்ட கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

பொள்ளாச்சி_அத்தை:

பால் பெருங்காயம் என்று நாட்டு மருந்துக்கடையில் கேட்டுப் பார் கண்ணு. மாவு கலக்காத பிசின். பழுப்பாக, பிசுபிசுவென்று, கையில் ஒட்டும். கடுகளவு கிள்ளி வெந்நீரில் போட்டால் கரைந்து பால் மாதிரி வெளுக்கும். அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்று. கட்டியாகப் போட்டுவிடாதே, ஒரே இடத்தில் கசக்கும். டப்பாவை இறுக்கி மூடி வை, இல்லாவிட்டால் பாலும் தயிரும் அந்த வாசம் பிடித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் பொட்டலத்தில் கலப்பு ஏதும் உண்டா என்று கேட்டு, கட்டியாக இருப்பதையே வாங்கு. தூள் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெருங்காயம் இல்லாமலே நம் பக்கத்துச் சமையல் நிற்கும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எதற்குப் பெருங்காயம்? சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், தேங்காய் போதும். கொள்ளுப் பருப்புக் கடையும்போது பூண்டைத் தூக்கலாகப் போட்டால் வாயுத் தொல்லையும் இருக்காது.

சூலூர்_லேப்:

ஐயோடின் சொட்டு விட்டுப் பார்த்தால் மாவு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமே? பள்ளிக்கூடத்தில் செய்திருக்கிறோம். நீலக்கறுப்பாக மாறினால் மாவு இருக்கிறது. மருந்துக்கடையில் டிங்சர் அயோடின் கிடைக்கும்.

பவானி_டயட்டீசியன்:

அது காட்டுவது ஸ்டார்ச்சை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் அதே நீலத்துக்குத்தான் மாறும். குளூட்டன் புரதம், ஐயோடினுக்கு அது தெரியாது. மாவே கலக்கவில்லை என்று கடைக்காரர் சொன்ன பால் பெருங்காயத்தைச் சோதிக்க வேண்டுமானால் உதவும், நிறம் மாறினால் ஏதோ மாவு கலந்திருக்கிறது என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு மேல் நம்பாதீர்கள். குளூட்டனைச் சரியாக அளப்பது எலிசா என்ற பரிசோதனை, அதை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள உணவு ஆய்வகத்தில்தான் செய்ய முடியும்.

காங்கேயம்_மாவுமில்:

எல்லோரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் மாவு மில் வைத்திருப்பவன், என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடுமுடியம்மா, ராகிக்களி என்று எழுதியிருந்தீர்களே, ராகியை எங்கே அரைக்கிறீர்கள்?

கல் மிஷினுக்குள் இரண்டு வட்டக் கல் இருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். கல்லில் வரிவரியாகக் கொத்தியிருப்போம், தேயத் தேய மறுபடி கொத்துவோம். அந்த வரிப்பள்ளத்தில் எப்போதும் மாவு தங்கும். அரைத்த மாவு கீழே வரும் வாயில் துணிக்குழாய் கட்டியிருப்போம், பறக்காமல் இறங்க. ஒவ்வொரு ஆளுக்கும் அரைத்து முடித்ததும் அந்தத் துணியைத் தட்டி மாவை இறக்குவோம். எவ்வளவு தட்டினாலும் நெசவுக்குள் படிந்தது அப்படியே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் மில்லில் நின்று பாருங்கள். கோதுமை அரைத்த பிறகு ராகியைக் கொட்டினால், முதலில் வரும் மாவு வெளுப்பாக வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராகிக்குரிய கருஞ்சிவப்பு வரும். அந்த வெளுப்பு முன்னால் வந்தவருடைய கோதுமை. உங்கள் மாவு அடுத்தவருக்குப் போகும், முந்தினவர் மாவு உங்களுக்கு வரும். காலங்காலமாக மில் என்றால் அப்படித்தான். யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை, நினைக்கத் தேவையும் இருக்கவில்லை.

முன்னால் ஒரு கைப்பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டு அரைத்துத் தருகிறோம் என்று சில மில்லில் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ருசிக்கும் நிறத்துக்கும் அது போதும். உங்கள் மகளுக்கு அது போதாது. கல்லில் இருப்பது போனாலும் துணியில் இருப்பது போகாது, காற்றில் பறப்பது உட்காராமல் இருக்காது. எங்கள் மில்லில் காலையில் துடைத்த மேஜை மதியத்துக்குள் வெள்ளையாகிவிடும்.

பேரூர்க்காரன்:

அண்ணா, இதை ஒரு மில்காரரே எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றி.

அக்கா, இங்கேயும் கணக்கைப் பாருங்கள். பெருங்காயத்தில் நாம் பேசியது 5 மில்லிகிராம், 15 மில்லிகிராம். மில்லில் ஒரு வேளைக் களிக்கான மாவில் ஒரே ஒரு கிராம் கோதுமை மாவு கலந்தாலும் அது 100 மில்லிகிராம் குளூட்டன். ஒரு நாள் வரம்பைப்போல 10 மடங்கு. களி சாப்பிட்ட மறுநாள் வலி வருகிறதா என்று கவனித்தீர்களா?

கொடுமுடி_அம்மா:

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரும்புச்சத்து குறைவு என்பதால் ராகி நல்லது என்று விடாமல் கொடுத்துவந்தோம். ராகி, கம்பு, சத்துமாவு, இடியாப்ப மாவு, கடலை மாவு எல்லாமே தெருமுனை மில்லில்தான் அரைப்பது. பக்கத்து வீட்டு அக்கா கோதுமையும் நான் ராகியும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போவோம்.

மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பதும் அங்கேதான். அதுவும் ஆகாதா?

காங்கேயம்_மாவுமில்:

மிளகாய்க்கு மிஷின் தனி, பல்வரைசர். அதில் யாரும் கோதுமை போடுவதில்லை, போட்டால் சப்பாத்தி காரும். ஆனால் மிஷின் தனி என்றாலும் அறை ஒன்றுதான், முறமும் சாக்கும் தூக்குவாளியும் மாறி மாறிப் புழங்கும். ராகி அளவுக்குப் பயம் இல்லை. இருந்தாலும் குழந்தைக்கு மட்டும் என்றால் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு விரலி மஞ்சள் கிடைக்காதா என்ன? வாங்கி உடைத்து அரைத்தால் தூளில் வேறு மாவு கலந்திருக்குமோ என்ற கவலையும் போகும்.

பொள்ளாச்சி_அத்தை:

ஒன்று கவனித்தாயா கண்ணு, ஊறவைத்து ஆட்டுகிற எதுவும் மில்லுக்கே போவதில்லை. இட்லி, தோசை, பணியாரம், சந்தகை எல்லாம் நம் வீட்டுக் கிரைண்டரில் ஆட்டுவது. புழுங்கலரிசியை ஊறப்போட்டு, ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூட்டோடு சந்தகைப் படியில் வைத்துப் பிழிந்தால் உலர்ந்த மாவுக்கே வேலை இல்லை. அதனால் இடியாப்பத்தை விட்டுவிட்டுச் சந்தகைக்கே போய்விடு. தேங்காய்ப்பால், எலுமிச்சை, எள்ளு என்று விதவிதமாகச் செய்து தரலாம்.

ராகியையும் ஊறவைத்து ஆட்டித் தோசை ஊற்றலாம். கூழுக்கு ராகியை ஆட்டிப் பாலெடுத்துக் காய்ச்சலாம். கம்பையும் மில்லில் கொடுக்காதே. தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்து, தவிட்டைப் புடைத்து எடுத்தால் கம்மஞ்சோறு ஆகிவிடும். களிதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் மட்டும் வீட்டு மாவு மிஷின் வாங்க யோசி.

சூலூர்_லேப்:

வீட்டு மாவு மிஷின் வாங்கினால் கோதுமையையும் அதிலேயே அரைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். அன்றோடு அது தெருமுனை மில் ஆகிவிடும். முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உடுமலை_அப்பாரு:

தம்பிகளும் அம்மணிகளும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு 76 வயது. எங்கள் காலத்தில் இந்தச் சீக்கைக் கேள்விப்பட்டதே இல்லை. கோதுமையைக் கெடுத்துவிட்டார்கள், புது ரகம் வந்துதான் இவ்வளவும் என்று நினைக்கிறேன். பழைய சம்பா கோதுமை சாப்பிட்டால் என்ன? சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் அதைத்தானே சொல்கிறார்கள்.

பவானி_டயட்டீசியன்:

ஐயா, உங்கள் வயதுக்குரிய மரியாதையோடு சொல்கிறேன். சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. சர்க்கரைக்கு அது எப்படி என்பது வேறு பேச்சு. சீலியாக் குழந்தைக்கு ஒரு கரண்டி சம்பா ரவை உப்புமாகூடத் தரக் கூடாது.

இந்த நோய் புதிதும் இல்லை. நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையின்மீது சந்தேகப்பட்டார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. மற்ற குழந்தைகள் வாடிய நேரத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். அதற்குப் பிறகுதான் காரணம் கோதுமை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

நம் பக்கம் கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இது மிகக் குறைவு என்று இந்தியாவில் நடந்த ஆய்வே சொல்கிறது. பரம்பரைக் கூறு இங்கும் அங்கும் பெரிதாக மாறவில்லை, சாப்பிடும் கோதுமையின் அளவுதான் மாறுகிறது. குறைவு என்பதால் டாக்டர்களுக்கும் சட்டென்று தோன்றாது. ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்தே காலம் போய்விடும்.

உடுமலை_அப்பாரு:

சரி அம்மணி, படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் பேச்சும் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் மானாவாரியில் சோளம், கம்பு, கொள்ளு. கிணற்றுப் பாசனத்தில் ராகி. கோதுமை என்றால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்க வாங்குவது. அந்தப் பிள்ளைக்கு நம் மண்ணில் விளைகிறதெல்லாம் ஒத்துக்கொள்ளுமா ஒத்துக்கொள்ளாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பவானி_டயட்டீசியன்:

அத்தனையும் ஒத்துக்கொள்ளும் ஐயா. அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், கொள்ளு, பாசிப்பயறு, உளுந்து, எள், நிலக்கடலை, மரவள்ளி, ஜவ்வரிசி. ஒன்றிலும் குளூட்டன் இல்லை. முழுத் தானியமாக வாங்கி, புடைத்து, கல்லும் வேற்றுத் தானியமும் பொறுக்கி, கழுவிச் சமைத்தால் பயமில்லை. பருப்பிலும் எப்போதாவது ஓரிரு கோதுமை மணி கிடக்கும், பொறுக்கிவிட வேண்டும். மாவாக மாறும் இடத்தில்தான் வினை.

உடுமலை_அப்பாரு:

அப்படியானால் சோளமும் கம்பும் எங்கள் களத்திலிருந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கோதுமை எங்கள் களத்தில் கால் வைத்ததே இல்லை.

அவிநாசி_ரோடு:

வீட்டுக்கு வெளியே சாப்பிடுவது பற்றி நான் சொல்கிறேன். எனக்கும் குளூட்டன் ஆகாது, கோவையில் தங்கி வேலை பார்க்கிறேன்.

ரோட்டுக்கடைக் காளான் பக்கமே போகாதீர்கள். காளான் என்று பெயர், முட்டைக்கோஸையும் காளானையும் மைதா, சோளமாவில் பிசறிப் பொரித்து, அதைப் பிய்த்துப்போட்டுக் கிளறுவது. மேலே ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை உண்டு, சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்துத்தான் சாதாரண சோயா சாஸ் செய்கிறார்கள். சில்லி சிக்கன், கோபி 65 எல்லாம் இதே வகைதான். பள்ளிபாளையம் சிக்கன் பொதுவாக மாவு போடாத வறுவல், வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச்சில். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

ஓட்டல் தோசை கேட்காதீர்கள். அதே கல்லில் ரவா தோசை, பரோட்டா, சப்பாத்தி எல்லாம் போகும். இட்லி பரவாயில்லை, சாம்பாரைத் தொடாமல் தேங்காய்ச் சட்னியோடு. நேந்திரம் சிப்ஸ் பார்த்தால் வெறும் வாழைக்காய்தான், ஆனால் அதே எண்ணெயில் காலையில் சமோசா பொரித்திருந்தால்? எண்ணெய்ச் சட்டி தனியா என்று நான் கேட்பேன். சில கடைக்காரர்கள் முறைப்பார்கள். பலர் நின்று காது கொடுத்துக் கேட்டு, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் வயிறுதான் பதில் சொல்லும்.

கொடுமுடி_அம்மா:

நன்றி தம்பி. கடையில் ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்று விற்கிறார்களே, அவற்றை ஆசையாகக் கேட்கிறாள். சத்துமாவும் பாலில் கலக்கும் பவுடரும்கூட இருக்கிறது.

பேரூர்க்காரன்:

ராகி சேமியாவில் ராகி மட்டும் இருந்தால் இழை நிற்காது, உடையும். அதனால் பல பாக்கெட்டில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள். முன்பக்கம் ராகிக்கதிர் படம், பின்பக்கம் கோதுமை. சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய குக்கீஸ் எல்லாவற்றுக்கும் பின்பக்கம்தான் பேச்சு.

பாலில் கலக்கும் பவுடர்களில் மால்ட் என்று இருந்தால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. பார்லியிலும் குளூட்டன் உண்டு, அதனால் ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, வீட்டிலேயே அரைத்தால் அது சரி. கடைச் சத்துமாவில் வறுத்த கோதுமையும் பார்லியும் சேருவது சகஜம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் கோதுமை உண்டு, தங்கச்சி தம்பி இருந்து வீட்டுக்கு அந்தப் பாக்கெட் வந்தால் தனியாக வையுங்கள்.

ஓட்ஸ் பற்றியும் கேட்பீர்கள். சுத்தமான ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும் கோதுமை கலக்காத ஓட்ஸ் கிடைப்பது அரிது. இப்போதைக்கு அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

பவானி_டயட்டீசியன்:

சமையலறைச் சாமான்கள் விஷயம் விட்டுப்போகக் கூடாது. சல்லடை, முறம், மரச் சப்பாத்திக் கட்டை, மரக்கரண்டி இந்த நான்கும் எவ்வளவு தேய்த்தாலும் முழுச் சுத்தம் ஆகாது. குழந்தைக்கென்று புதிது வாங்கிவிடுங்கள். இரும்புத் தோசைக்கல்லும் அவளுக்குத் தனியாகவே இருக்கட்டும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். வீட்டில் சப்பாத்தி தேய்க்கும் நாளில் அவள் சாப்பாட்டை முதலிலேயே செய்து மூடி வைத்துவிடுங்கள்.

அவளுக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், உங்கள் இருவருக்கும்தான். கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அதுவரை அவர்களுக்குக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுச் சோதித்தால் இருப்பதும் இல்லாததுபோல் காட்டும். மாத்திரை, டானிக் வாங்கும்போதும் மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையைச் சேர்க்க ஸ்டார்ச் போடுவார்கள். பெரும்பாலும் மக்காச்சோளம்தான், கோதுமையாகவும் இருக்கலாம்.

பொள்ளாச்சி_அத்தை:

கல்யாண வீடு, கோயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. பந்தியில் உட்காரவைத்தால் சோறு, தயிர், வாழைப்பழம், நெய். சாம்பாரிலும் ரசத்திலும் என்ன பெருங்காயமோ சமையல்காரருக்கே தெரியாது. கேசரி எடுத்த கரண்டி பாயசத்துக்குப் போகும், பாயசமே சேமியாவாக இருக்கும். ஒப்பிட்டு, அதாவது போளி, வெளிப்பக்கம் மைதா. அப்பளம் உளுந்துதான், ஆனால் தேய்க்கும்போது ஒட்டாமலிருக்க மாவு தூவுவார்கள், அது எந்த மாவோ? கச்சாயம் பச்சரிசியில் செய்தால் சரி, இப்போது ரவையும் மைதாவும் கலந்து சுடுகிறார்கள். கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது.

பழநி பஞ்சாமிர்தம் தாராளமாகக் கொடு. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய். சாமி பிரசாதம் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

கொடுமுடி_அம்மா:

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பெருங்காயத்தை வீட்டைவிட்டே எடுத்துவிட்டேன். பால் பெருங்காயம் கிடைத்தது, ரசத்துக்கு மட்டும் போடுகிறேன். சாம்பார்ப் பொடி மிக்ஸியில் அரைக்கிறேன். ராகியை ஊறவைத்து ஆட்டித் தோசை ஊற்றுகிறேன், களியை இப்போதைக்கு நிறுத்தியாயிற்று. புதுச் சல்லடை, புதுத் தோசைக்கல், மூடியில் சிவப்புப் பெயிண்ட் வைத்த டப்பாக்கள். மாமியாரே சிவப்பு டப்பாவை யாரையும் தொடவிடுவதில்லை.

வலி குறைந்திருக்கிறது. வகுப்பில் யாராவது பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் தவணை கொடுத்திருக்கிறார், குடல் ஆறுவதற்கு நேரம் வேண்டுமாம். ஆனால் களி கேட்கிறாள். தினமும் கேட்கிறாள்.

காங்கேயம்_மாவுமில்:

அம்மா, அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் மில்லுக்குப் பின்னால் பழைய தேங்காய்க் களம் ஒன்று இருக்கிறது, கொப்பரை உலர்த்தியது. அங்கே ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது. புதுக் கல் போட்ட ஒரு சின்ன மிஷினை அங்கே வைத்து, ராகி, கம்பு, அரிசி, கடலை மட்டும் அரைக்கலாமா என்று யோசிக்கிறேன். கோதுமை அந்த வாசலுக்குள்ளேயே வராது. துணியும் முறமும் தனி. டயட்டீசியன் அம்மணி, சுவர் தனியாக இருந்தால் போதுமா, இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

பவானி_டயட்டீசியன்:

ஐயா, கேட்டதே பெரிய விஷயம். சுவர் தனியாக இருப்பது நல்ல ஆரம்பம். முன்பக்க மில்லில் வேலை செய்த ஆள் அதே சட்டையோடு பின்பக்கம் வரக் கூடாது, கை கழுவி உடை மாற்றி வர வேண்டும். முன்பக்கத்து ஜன்னலும் பின்பக்கத்து ஜன்னலும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது. வருபவர்கள் கோதுமை கொண்டுவந்த தூக்கிலேயே ராகியும் கொண்டுவருவார்கள், அதற்கு நீங்களே பாத்திரம் வைத்திருங்கள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் முதலில் வரும் ராகி மாவில் கொஞ்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி எலிசா பார்த்துவிடலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் மட்டும் குழந்தைக்குக் கொடுப்போம். மாவு எடுக்கும் அன்று நானே வருகிறேன்.

காங்கேயம்_மாவுமில்:

கல் கொத்துகிறவருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். ஜன்னலை மேற்குப் பக்கம் மாற்றி வைக்கிறேன்.

உடுமலை_அப்பாரு:

முதல் அரவைக்கு ராகி நான் அனுப்புகிறேன். எத்தனை படி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.